பாடம்: சிற்றுயிர் ஒளிப்படக்கலை

கற்றல் நோக்கம்: உற்றுநோக்கியதை உள்ளவாறே பதிவுசெய்யக் கற்றல்.

சிலந்தியை நாம் எட்டுக்கால் பூச்சி என்றும் அழைக்கிறோம். ஆயினும், அறிவியலார் அதனைப் பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை. பூச்சிக்கு ஆறு கால்கள். தலை, மார்பு, வயிறு என உடல் மூன்று பகுதிகளாக அமையும். சிலந்திக்கு எட்டுக் கால்கள். உடல் இரு பகுதிகளே. இத்தகைய வேறுபாடுகளைக் கண்முன் நிறுத்துவது மேக்ரோ ஒளிப்படக்கலை. 1 சென்டிமீட்டர் நீளமுள்ள வண்டின் உருவத்தை, அதே அளவில் கேமராவினுள் விழச் செய்ய வல்லது மேக்ரோ வில்லை. அப்படத்தைத் திரையில் பெரிதாக்கினால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்களும் தெரியும்.

முசுறு எறும்புகள் இலைகளைப் பட்டிழையால் இணைத்து மரத்தில் கூடு கட்டுகின்றன. அவை கடுமையாகக் கடிப்பதால் வேட்டை உயிர்கள் பல அவற்றை அணுகத் தயங்கும். அவ்வெறும்பின் தோற்றத்தையே தனக்குக் காப்பாகக் கொண்டு வாழ்கிறது ஒரு சிலந்தி. அதன் உடல் எறும்பைப் போலவே ஒடுங்கி நீண்டிருக்கும். முன்னங்கால்களை உயர்த்தி, எறும்பின் உணர்கொம்புகள் போல அசைக்கும். நேரில் காண்போர் எறும்பென்றே எண்ணுவர். ஒளிப்படத்தில் கால்களை எண்ணினால் எட்டு இருக்கும், மாறுவேடம் கலைந்துவிடும்.

இத்தகைய படம் எடுக்கக் காலைப்பொழுதே ஏற்றது. இரவுக் குளிரில் உடல்வெப்பம் குறைந்த பூச்சிகள் வெயில் ஏறும்வரை மெல்லவே அசையும். மிக அருகிலிருந்து எடுக்கும்போது, படத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். ஆகவே, கண்கள் தெளிவாக விழுமாறு எடுத்தல் நன்று. காற்றில் இலை அசைந்தாலும் படம் மங்கும், பொறுமை தேவை.

கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் 7 மில்லிமீட்டர் அளவே உள்ள சிலந்தி ஒன்று கண்டறியப்பட்டு, 2016ஆம் ஆண்டில் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரத் தொப்பியை ஒத்திருந்ததால் அதற்கு ‘எரியோவிக்சியா கிரிஃபிண்டோரி’ எனப் பெயரிட்டனர். அது காய்ந்த இலை போலத் தோன்றி மறைந்து வாழ்வது. புதிய இனத்தை உறுதிசெய்ய உடற்கூறுகளை ஆராய வேண்டும். ஆனால், ஆய்வுக்காகச் சாராயத்தில் இட்டுவைக்கும் உடலில் நிறம் மங்கிவிடும். உயிருள்ளபோது இருந்த நிறத்தையும் நிலையையும் காட்டுவது ஒளிப்படமே.

ஆதலால், படம் உண்மையானதாக இருத்தல் வேண்டும். சிலர் பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து, விரும்பிய மலர்மீது அமர்த்திப் படமெடுக்கின்றனர். அப்படம் அழகாயிருக்கலாம், எனினும், அவ்வுயிர் எங்கு, எவ்வாறு வாழ்கிறது என்பதைப் பற்றிப் பொய்யே கூறும். உயிருக்கும் தீங்கு நேரும். கூட்டிலிருந்து அப்போதே வெளிவந்த வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் விரிந்து உலரச் சிறிது நேரம் வேண்டும். அவ்வேளையில் நாம் கிளையை அசைத்து அது விழுந்துவிட்டால், சிறகுகள் மடங்கியவாறே இறுகிவிடக்கூடும். பின்னர் அது பறக்கவே இயலாது. அதனைத் தொந்தரவு செய்யாமல் எடுக்க முடியாதெனில், படமெடுக்காமல் விலகுவதே முறை.

இக்கலையைப் பயில அடர்காட்டிற்குச் செல்ல வேண்டியதில்லை. நகரத்து மாடியில் உங்கள் வீட்டார் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். இலைமேல் பறவை எச்சம் போல ஏதேனும் கிடந்தால் உடனே துடைத்துவிடாதீர்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். வளர்ந்தபின் அது பச்சை நிறம் பெற்று இலையோடு ஒன்றிவிடும்.

சொற்பொருள்
வில்லை – லென்சு
முசுறு – மரத்தில் கூடு கட்டும் செந்நிற எறும்பு
எச்சம் – பறவையின் கழிவு

வினாக்கள்
1. எறும்பு போன்ற சிலந்தியை எவ்வாறு அடையாளம் காணலாம்?
2. பூச்சிகளைப் படமெடுக்கக் காலைப்பொழுது ஏற்றது ஏன்?
3. குளிரூட்டி எடுத்த படம் பொய் கூறுவது எங்ஙனம்?
4. பிரித்து எழுதுக: அவ்வெறும்பு, சிற்றுயிர்.

செயல்பாடு: உங்கள் வீட்டருகே காணும் ஒரு சிற்றுயிரைத் தொடாமல் பத்து நிமிடம் உற்றுநோக்கி, கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.