நிரல் தொகுப்புகளைப் புதுப்பித்துக் காத்தல்

பனை நிறைந்த நம் சாயல்குடிப் பகுதியில் ஓலையின் இயல்பை அறியாதவர் இலர். ஓலைக் கூரையைக் காலந்தோறும் மாற்றி வேய வேண்டும். ஓலைச்சுவடியையோ புது ஓலையில் படியெடுக்க வேண்டும்; படியெடுக்காத சுவடிகள் செல்லரித்து அழிந்தன. கணினி உலகிலும் இதே நிலைதான் என்பதைக் காண்போம்.

தொகுப்பு என்பது யாது?

பலருக்கும் பயன்படும் கட்டளைகளை ஒருவர் எழுதி, பிறரும் எடுத்தாளும்படி கட்டி வைப்பதே நிரல் தொகுப்பு. இதை லைப்ரரி என்றும் கூறுவர். தொகுப்பு ஒரு கணினி மொழியில் எழுதப்படுகிறது. அம்மொழி மாறினால் தொகுப்பும் மாற வேண்டும்.

மொழி மாறிய கதை

நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் இடம்பெற்றுள்ள பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்வோம். கைடோ வான் ரோஸம் உருவாக்கிய இம்மொழி 1991இல் வெளிவந்தது. 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதன் இலக்கணமே சில இடங்களில் மாறியது. 7ஐ 2ஆல் வகுத்தால் பழைய பதிப்பு 3 என்றது, புதியது 3.5 என்கிறது. 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. எனவே பழைய தொகுப்புகள் பல ஓடாமல் நின்றன. சில, ஓடியும் வேறு விடை தந்தன. இதுவே ஆபத்து மிக்கது. 2020 ஜனவரி 1 அன்று இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிவுற்றது.

தமிழுக்கு என்ன?

'சாயல்குடி' என்னும் சொல்லின் நீளம் என்ன? பழைய பதிப்பு, யூடிஎஃப்-8 முறையில் சேமித்த சொல்லைச் சாதாரணமாகக் கேட்டால், 27 பைட்டுகளை எண்ணியது. புதிய பதிப்பு, துணைக்கால், புள்ளி முதலியவற்றைத் தனித்தனியே கொண்டு 9 என்கிறது. நாமோ சா, ய, ல், கு, டி என ஐந்தெழுத்து என்போம். இந்த ஐந்தைச் சரியாகப் பிரித்துத் தருவது 'ஓப்பன் தமிழ்' என்னும் தொகுப்பு. 'எழில்' என்ற தமிழ் நிரல் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பிறரும் இதை உருவாக்கினர். இத்தகைய தொகுப்பு பழுதானால், பெயர்களை அகர வரிசைப்படுத்துவதும் சொல் தேடுவதும் தடைப்படும்.

காக்கும் வழிகள்

1. இரு பதிப்புக்கும் பொதுவாக எழுதுதல். இதற்கென 'சிக்ஸ்' என்ற தொகுப்பு எழுந்தது. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு அல்லவா!

2. எச்சரிக்கையைப் புறக்கணியாமை. தொகுப்புகளைக் கட்ட உதவிய 'டிஸ்ட்யூட்டில்ஸ்' நீக்கப்படும் என 2021இலேயே அறிவிக்கப்பட்டது, 2023இல் நீங்கியது. முன்னரே மாறியவர் தப்பினர்.

3. ஒவ்வொரு பதிப்பிலும் சோதித்தல். இப்போது ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பைத்தான் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவு உண்டு.

இப்பணியைச் செய்வோர் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர். தமிழ்த் தொகுப்புகளைக் காப்போரோ மிகச் சிலர். மாணவியரே, பிழை கண்டால் எந்தப் பதிப்பில் கண்டோம் எனக் குறித்துத் தெரிவிப்பதும் தொண்டே. அன்று ஏட்டைப் படியெடுத்தோரால் நூல்கள் நமக்குக் கிடைத்தன. இன்று நிரலைப் புதுப்பிப்போம். நாளை வருவோருக்கும் தமிழ் கணினியில் வழங்கும்.