ரேமை முதலில் எண்ணுங்கள்

கணினி கேள்வி-பதில் பகுதியில் இந்த முறை இரட்டைப் பிராசசர் மதர்போர்டு பற்றிய கடிதங்கள். பதில் சொல்பவர், மதுரை வில்லாபுரத்தில் ஒர்க்ஸ்டேஷன்களை அசெம்பிள் செய்தும் பழுது பார்த்தும் வருபவர்.

கே: திரெட்ரிப்பர் இரண்டை ஒரே போர்டில் போட முடியுமா?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

ப: முடியாது. திரெட்ரிப்பர், திரெட்ரிப்பர் ப்ரோ எல்லாமே ஒற்றை சாக்கெட். ஏஎம்டியில் இரண்டு வேண்டுமென்றால் எபிக்தான். அதிலும் 7302பி, 7402பி என்று கடைசியில் ‘பி’ வந்தால் அதுவும் ஒற்றைதான். இன்டெலின் பழைய ஜியான் இ5 வரிசையில் முதல் இலக்கத்தைப் பாருங்கள்: 1 என்றால் ஒற்றை, 2 என்றால் இரட்டை, 4 என்றால் நான்கு. விலையைப் பேசுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

கே: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். நான்கு கேமரா, எல்லாம் 4கே. இ5-2680 வி4 இரண்டு போட்டால் 28 கோர் கிடைக்கும், விலையும் குறைவு என்கிறார்கள். வாங்கலாமா?
– வீடியோ எடிட்டர், அவனியாபுரம்

ப: வாங்காதீர்கள். அது 2016-இல் வந்த பிராசசர். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். டைம்லைனை இழுக்கும்போது உங்களுக்கு வேண்டியது ஒரு கோரின் வேகமும், கேமரா ஃபைலைப் பிரித்துத் தரும் வீடியோ டீகோடரும். இ5-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அதனால் அந்த டீகோடரும் கிடையாது. கிராபிக்ஸ் உள்ள புதிய கோர் வரிசை பிராசசர் ஒன்று, 64 ஜிபி ரேம், நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று போதும். ரெண்டர் நேரத்துக்கும் பயப்பட வேண்டாம். ரைசன் 9 7950எக்ஸ் போன்ற 16 கோர் டெஸ்க்டாப் பிராசசர் ஒன்றே அந்த 28 கோரை எட்டிப்பிடித்துத் தாண்டிவிடும். கரண்ட் பில்லும் குறையும். மிச்சப்படும் பணத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒவ்வொரு கல்யாணத்தையும் இரண்டு இடத்தில் வையுங்கள். தாலி கட்டிய காட்சி தொலைந்தால் மறுபடி எடுக்க முடியாது.

கே: பொறியியல் ஆராய்ச்சி மாணவன். ஓப்பன்ஃபோமில் காற்றோட்டக் கணக்கு ஓட்டுகிறேன். இரண்டு இ5-2699 வி4, மொத்தம் 44 கோர். ரேம் 64 ஜிபி (32 ஜிபி ஸ்டிக் இரண்டு). எட்டு கோரில் ஓட்டினாலும் 44 கோரில் ஓட்டினாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. பிராசசர் போலியா?
– ஆராய்ச்சி மாணவர், திருப்பரங்குன்றம்

ப: தம்பி, பிராசசர் நல்ல பிராசசர். ரேம் போட்டதுதான் தப்பு. இந்தத் தப்போடு என் மேஜைக்கு வரும் மெஷின்கள் அநேகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இ5 வி4 பிராசசர் ஒவ்வொன்றுக்கும் நான்கு மெமரி சேனல். டிடிஆர்4-2400 ரேமில் ஒரு சேனல் நொடிக்கு 19.2 ஜிபி கொண்டு வரும். நான்கும் நிரம்பினால் 76.8. இரண்டு பிராசசருக்கும் சேர்த்து 153.6. உங்கள் மெஷினில் பிராசசருக்கு ஒரு ஸ்டிக்தான் இருக்கிறது, ஆக மொத்தம் 38.4. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் முக்கால் பங்கு காலி ஸ்லாட்டாக நிற்கிறது. இரண்டு ஸ்டிக்கையும் முதல் பிராசசர் பக்கமே செருகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இரண்டாவதில் உள்ள 22 கோரும் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுப்பாலம் கடந்து அந்தப் பக்கம் போய்த்தான் எடுத்து வர வேண்டும். பந்தியில் 44 பேரை உட்கார வைத்துவிட்டு இரண்டே பேரைப் பரிமாற விட்டிருக்கிறீர்கள்.

காற்றோட்டக் கணக்கில் பெருக்கல் கூட்டலை விட, எண்களை ரேமிலிருந்து எடுத்து வருவதில்தான் நேரம் போகிறது. அதனால்தான் சில கோர்களுக்கு மேல் எத்தனை சேர்த்தாலும் கடிகாரம் அசைவதில்லை.

மொத்தக் கொள்ளளவை மாற்றவே வேண்டாம். அந்த இரண்டு 32 ஜிபியைக் கொடுத்துவிட்டு 8 ஜிபி எட்டு வாங்குங்கள். அதே 64 ஜிபிதான், ஆனால் எட்டு சேனலும் வேலை செய்யும். கை இடம் கொடுத்தால் 16 ஜிபி எட்டு, 128. பல போர்டுகளில் ஸ்லாட்டின் பெயரில் எழுத்து சேனலைச் சொல்லும், எண் அந்தச் சேனலில் எத்தனையாவது ஸ்லாட் என்பதைச் சொல்லும். முதலில் எல்லா எழுத்துக்கும் 1-ஐ நிரப்புங்கள். 2-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பயாஸில் நூமா (எந்த ரேம் எந்த பிராசசர் பக்கம் என்று பிரித்துக் காட்டும் அமைப்பு) இயக்கத்தில் இருக்கட்டும். கணக்கை ஓட்டும்போது ஒவ்வொரு வேலையையும் அதன் கோரோடு கட்டிவிடுங்கள்.

பெரிய இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் பாருங்கள். பெங்களூரு ஐஐஎஸ்சியில் 2022-இல் வந்த பரம் பிரவேகா சூப்பர் கம்ப்யூட்டரின் சாதாரண நோடு ஒவ்வொன்றிலும் 24 கோர் ஜியான் இரண்டு, ரேம் 192 ஜிபி. அந்த ஜியானுக்கு ஆறு சேனல், இரண்டுக்கும் பன்னிரண்டு. 192-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் சேனலுக்குச் சரியாக 16 ஜிபி. 128 போதுமே என்றோ 256 என்று ரவுண்டாக இருக்கட்டுமே என்றோ அவர்கள் போகவில்லை. சேனல் எண்ணிக்கையிலிருந்துதான் ரேம் கணக்கு தொடங்குகிறது. எபிக் 7002, 7003 வரிசைக்கு எட்டு, 9004 வரிசைக்குப் பன்னிரண்டு. போர்டு வாங்கும் முன் இந்த எண்ணை ரேம் விலையால் பெருக்கிப் பாருங்கள். பை தாங்காது என்றால் பிராசசரில் கோரைக் குறையுங்கள், ரேமில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கணக்கு இந்த மெஷினை மீறி வளர்ந்தால் கடன் வாங்கி இன்னொன்று அசெம்பிள் செய்ய வேண்டாம். திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் 2022-இலிருந்து இருக்கிறது. வழிகாட்டியிடம் சொல்லி நேரம் கேட்டுப் பாருங்கள்.

கே: பழைய சர்வரில் கழற்றிய 16 ஜிபி நான்கு இருக்கிறது. கடையில் டெஸ்க்டாப் ரேம் இரண்டு வாங்கிச் சேர்த்தேன். மெஷின் ஆன் ஆகவில்லை.
– டிடிபி மையம் நடத்துபவர், ஜெய்ஹிந்துபுரம்

ப: ஆகாது. சர்வரிலிருந்து வந்தது ரெஜிஸ்டர்டு, கடையில் வாங்கியது அன்பஃபர்டு. இரண்டும் டிடிஆர்4-ஆக இருந்தாலும், ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தாலும், சேர்ந்து ஓடாது. லேபிளில் 2400டி-க்குப் பின்னால் வரும் எழுத்தைப் படியுங்கள். ‘ஆர்’ ரெஜிஸ்டர்டு, ‘எல்’ லோடு ரெடியூஸ்டு, ‘யு’ சாதாரணம், ‘இ’ சாதாரணத்தில் இசிசி. ஒரு போர்டில் ஒரே எழுத்து. படிக்காமல் செருகிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள்.

கே: இரண்டு பிராசசர் போட்டும் விண்டோஸ் ஒன்றைத்தான் காட்டுகிறது.
– வாசகர், வில்லாபுரம் ஹவுசிங் போர்டு

ப: ஹோம் பதிப்பு போட்டிருப்பீர்கள். அது ஒரு சாக்கெட்டோடு நின்றுவிடும். ப்ரோ போடுங்கள்.

கே: இப்போது ஒரு பிராசசர், அடுத்த வருஷம் இன்னொன்று என்று வாங்கலாமா?
– கட்டட வடிவமைப்பாளர், பழங்காநத்தம்

ப: ஓடும். ஆனால் இரண்டாவது பிராசசரின் ரேம் ஸ்லாட்டுகளும், அதோடு இணைந்த கார்டு ஸ்லாட்டுகளும் அதுவரை செத்துக் கிடக்கும். கிராபிக்ஸ் கார்டை எங்கே போடுவது என்று போர்டு கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே மாடல், அதே ஸ்டெப்பிங் (சிப்பின் திருத்தப் பதிப்பு) தேடி அலைய வேண்டியிருக்கும். செகண்ட் ஹேண்ட் என்றால் இப்போதே ஜோடியாக வாங்கிவிடுவது நல்லது. காலி சாக்கெட்டின் மூடியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; உள்ளே ஒரு பின் வளைந்தால் போர்டே போச்சு.

கே: எட்டு ஸ்டிக் போட்டேன், ஏழுதான் தெரிகிறது. கடைக்காரர் ரேமை மாற்றித் தர மறுக்கிறார்.
– போட்டோகிராமெட்ரி செய்பவர், கீழடி அருகே

ப: கலங்க வேண்டாம், அநேகமாகப் பணம் எதுவும் போகவில்லை. தெரியாத ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். ஸ்டிக் அங்கே தெரிந்து, பழைய ஸ்லாட் மட்டும் ஊமையாக இருந்தால் கோளாறு ரேமில் இல்லை. கூலரைக் கழற்றி, பிராசசரை எடுத்து, சாக்கெட் பின்களைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்த பின், பின்னில் ஒட்டிய பேஸ்ட், ஒரு பக்கம் மட்டும் இறுகிய ஸ்க்ரூ, இந்த மூன்றில் ஒன்றாலேயே ஒரு சேனல் காணாமல் போய்விடும். மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை மூலைக்கு மூலை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைக்காரரோடு சண்டை அதற்குப் பிறகு.

கே: போர்டு வாங்கிவிட்டேன். வீட்டில் இருக்கும் கேபினெட், எஸ்எம்பிஎஸ் போதுமா?
– வாசகர், வில்லாபுரம்

ப: முதலில் அளந்து பாருங்கள். இரட்டை போர்டுகளில் பல 12-க்கு 13 அங்குலம். சாதாரண ஏடிஎக்ஸ் 12-க்கு 9.6. எஸ்எம்பிஎஸ்-இல் பிராசசருக்கென்று 8 பின் கேபிள் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்று கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னை அழுத்திச் செருகாதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அதில் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். கூலர் வாங்கும் முன், சாக்கெட் பிடிமானம் சதுரமா, ஒடுங்கியதா என்று பாருங்கள். சர்வரில் வரும் ஃபேன் இல்லாத ஹீட்சிங்க் வேண்டவே வேண்டாம், மேஜைக் கேபினெட்டில் அதற்குக் காற்று கிடைக்காது. சாக்கெட்டுகள் ஒரே வரிசையில் இருந்தால் முன்னதன் சூட்டைப் பின்னது வாங்கிக்கொள்ளும். மே மாதம் வெளியே 40 டிகிரி அடிக்கும் ஊரில், முன்பக்கம் இரண்டு பெரிய ஃபேன் இல்லாமல் இந்த மெஷினை ஆன் செய்யாதீர்கள்.