ராகிக்குள் நாலு கொள்ளு

ஓசூர், தளி, சூளகிரி பக்கம் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் சொல்வதற்கு முன்பே ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. மடிநோய் வந்த மாட்டுக்கு ஊசி போட்டால் சில நாளைக்கு அந்தப் பாலில் தயிர் சரியாகத் தோயாது. உறைமோர் கூடுதலாக ஊற்றினாலும் தண்ணியாகவே கிடக்கும். ஏன் என்று கேட்டால், "மருந்து பால்ல வந்துடும் சார்" என்பார்கள். பாக்டீரியா, ஆன்டிபயாடிக் பாடத்தை நான் இந்தப் பதிலில் இருந்துதான் தொடங்குகிறேன். பாலைத் தயிராக்குவது பாக்டீரியா. மடியில் இருந்த கிருமிக்காகப் போட்ட மருந்து, உறைமோரில் இருந்த பாக்டீரியாவையும் சேர்த்தே முடக்கிவிட்டது. பாக்டீரியா எல்லாமே எதிரி அல்ல, மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது என்ற இரண்டு விஷயமும் முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும். அந்தப் பாலைக் கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை சொசைட்டியில் ஊற்றக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

பார்க்கக் காட்ட வேண்டுமென்றால் தயிரே போதும். ஒரு துளியை நீர்விட்டுக் கண்ணாடியில் தேய்த்து, சாயமிட்டு நுண்ணோக்கியில் வைக்கலாம். கைபேசி, கதவுப்பிடி, கழிப்பறை இவற்றில் பஞ்சால் துடைத்து எடுத்துக் கிருமி வளர்ப்பதைப் பள்ளியில் செய்யவே வேண்டாம். எது வளர்கிறது என்று நமக்குத் தெரியாது. வளர்ந்ததைப் பாதுகாப்பாக அழிக்கும் வசதியும் பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது.

இந்தப் பாடத்தில் உண்மையாகவே கடினமான இடம் ஒன்றுதான். "அந்த மாத்திரை எனக்கு இப்ப கேக்கறதில்ல, உடம்புக்குப் பழகிடுச்சு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டே வளர்கிறார்கள். மாறுவது உடம்பு அல்ல, கிருமிக் கூட்டம். இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் தேர்வுத்தாளில் உடம்புதான் பழகியிருக்கும். அதனால் ஒரு சல்லடை கொண்டுபோவேன். நம் மாவட்டம் ராகிச் சீமை. ஒரு பிடி ராகியும் நாலு கொள்ளும் எல்லா வீட்டிலும் கிடைக்கும். இரண்டையும் கலந்து சலித்தால் ராகி முழுக்க விழுந்துவிடும், நாலு கொள்ளு மேலே நிற்கும். ராகி, மருந்துக்குச் சாகும் பாக்டீரியா. சல்லடை, மருந்து. நின்ற கொள்ளை இரட்டிக்கச் சொல்வேன்: 8, 16, 32. எட்டாவது முறை 1,024. ஈ.கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்பதால், இது மூன்று மணி நேரம்கூட ஆகாத வேலை. பிறகு ஒரே கேள்வி: சல்லடை ராகியைக் கொள்ளாக மாற்றியதா? "இல்ல சார், கொள்ளு முன்னாடியே அதுல இருந்துச்சு." இந்தப் பதில் பிள்ளைகளின் வாயிலிருந்தே வரவேண்டும். அதுவரை அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

நன்றாகக் கவனிக்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: அப்படியென்றால் மருந்து சாப்பிட்டவர்கள் எப்படிக் குணமாகிறார்கள்? மிஞ்சிய கொஞ்சத்தை உடம்பின் வெள்ளையணுக்கள் பார்த்துக்கொள்ளும். அதோடு, தட்டில் ராகி நிறைந்திருக்கும்வரை கொள்ளுக்குப் பெருக இடமும் குறைவு. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் விழுங்கினால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. குடலில் இருக்கும் ராகிதான் சலிக்கப்பட்டுப் போகும்.

கொள்ளு தன் ரகசியத்தை ராகிக்கும் கொடுக்க முடியும் என்பது அடுத்த படி. ஒரு துண்டுச் சீட்டில் 'எதிர்ப்பு மரபணு' என்று எழுதி 8-ஏ பிரிவிலிருந்து 8-பி பிரிவுக்குக் கைமாற்றச் சொல்வேன். ஒரு வகை பாக்டீரியா இன்னொரு வகைக்கு இப்படித்தான் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தைக் கொடுக்கிறது. என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பரவியிருப்பதை 2010-இல் உலகுக்குச் சொன்ன ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆராய்ந்த மாதிரிகளில் சென்னையில் எடுத்தவையும் உண்டு. 2012-இல் மருத்துவர்கள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' இந்த ஆபத்தைப் பற்றியதுதான். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

காசநோய்க்கு ஏன் ஒரே சமயத்தில் இத்தனை மாத்திரை என்பதையும் சல்லடையே விளக்கும். கண் அளவு வேறுபட்ட சல்லடைகளை அடுக்கினால் எல்லாவற்றிலும் தப்பிக்கும் மணி அபூர்வம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று நிறுவியது, 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம். எங்கள் வகுப்பில் பீகார், ஒடிசாவிலிருந்து சிப்காட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிகிச்சையின் பாதியில் ஊருக்குப் போக நேர்ந்தாலும், காசநோயாளிக்குக் கொடுக்கப்பட்ட நிக்‌ஷய் எண்ணைச் சொல்லி அங்குள்ள அரசு மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடரலாம் என்பதை அவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

பிறகு 'செட்'. மெடிக்கலில் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்றால் நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கினாலும் இதே கதைதான். அதில் ஆன்டிபயாடிக் இருந்ததா என்பதே வாங்கியவருக்குத் தெரியாது. பென்சிலினைக் கண்ட ஃபிளெமிங், கடையில் யாரும் வாங்கலாம் என்று வந்தால் குறைந்த அளவு சாப்பிட்டுக் கிருமியைத் தேற்றிவிடுவார்கள் என்று 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தார். செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளை யாருடைய சீட்டுக்கு யாருக்குக் கொடுத்தோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற எச்-1 விதி 2014 மார்ச்சிலிருந்து இருக்கிறது. இருந்தும் செட் ஓடுகிறது. காரணம் அறியாமை மட்டும் இல்லை. ஷிப்டை விட்டு டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போகும். இதை ஆசிரியர்கள் மறக்கக்கூடாது. "உங்க வீட்ல யாரு இப்படி வாங்குறீங்க?" என்று கை தூக்கச் சொல்வதை நான் அறவே தவிர்க்கிறேன். பிள்ளை தன் அம்மாவைக் குற்றவாளியாக நினைத்துவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துபோகும். காலி அட்டைகளை மட்டும் ஒரு பெட்டியில் போடச் சொல்வேன், எது யார் வீட்டுடையது என்று கேட்பதில்லை. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு வேண்டும். பாராசிட்டமால் ஆன்டிபயாடிக் அல்ல. இந்த இரண்டைப் பிரித்தறிந்தாலே பெரிய விஷயம்.

பிராய்லர் கொட்டகை வைத்திருக்கும் வீடுகளும் இங்கே உண்டு. வேறு மருந்து கேட்காதபோது மருத்துவமனைகள் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டினை, கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்ததை இந்த இடத்தில் சொல்வேன். தீவனத்தில் கலக்கும் மருந்தும் ஒரு சல்லடைதான் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி பேசும் வகுப்பு இது. வீட்டுப்பாடமாக டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளைத் தங்கள் வீட்டு மொழியில் எழுதிவரச் சொல்வேன்: இது பாக்டீரியாவால் வந்ததா, இந்த மாத்திரைகளில் எது ஆன்டிபயாடிக், அதை எத்தனை நாள் சாப்பிடவேண்டும்? மூன்றாவது கேள்விக்கு டாக்டர் சொல்லும் நாள்தான் கணக்கு. நடுவில் நிறுத்துவதும், மிச்சத்தைத் தம்பிக்கு எடுத்துவைப்பதும் கூடாது என்பதை அந்தச் சீட்டின் அடியிலேயே எழுதிவிடுகிறோம். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி நவம்பர் 18 முதல் 24 வரை வரும் உலக விழிப்புணர்வு வாரத்தில் இவற்றைப் பள்ளி வாசலில் ஒட்டினால், பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோர் தங்கள் மொழியிலேயே படித்துக்கொள்ளலாம்.