எஞ்சினின் சூடும் புகையும்: சரக்கு வண்டி பற்றி ஒரு பாடம்

சங்கத்தின் சரக்கு வண்டி எத்தனை மூட்டை ஏற்றிற்று, எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்பதற்கு நம்மிடம் கணக்கு உண்டு. அதன் எஞ்சின் எவ்வளவு சூட்டில் ஓடிற்று என்ற கணக்கையோ, வண்டிக்குள்ளிருக்கும் ஒரு மின்னணுப் பெட்டி எழுதிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்குகள் இதனை ‘ஈ.சி.யு.’ என்பர். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலுக்கு வந்தபின் இப்பெட்டியின் பொறுப்பு பெரிதும் கூடிற்று. மின்சாரக் கணக்கில் நாம் ‘யூனிட்’ என்னும் அளவு வேலையைச் செய்யக் கனரக டீசல் எஞ்சின் ஒன்று வெளிவிடக்கூடிய நைட்ரஜன் ஆக்ஸைடு, முந்தைய விதிப்படி 3.5 கிராம். புதிய விதி அதனை 0.46 கிராமாகக் குறுக்கிவிட்டது.

முதலில் குளிர்விக்கும் முறையைக் கவனிப்போம். பழைய லாரிகளில் விசிறி பெல்ட்டோடு பிணைந்து, மார்கழி விடியலிலும் சித்திரை நண்பகலிலும் ஒரேவிதமாகச் சுழலும். எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கை அது வீணே தின்னும். புதிய வண்டியில், கூலண்ட் ஓடும் வழியில் ஒரு சிறு சென்சார் பதிக்கப்பட்டிருக்கிறது. உஷ்ணம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். அக்குறைவை அளந்து, விசிறி எப்போது, எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டுமென்று பெட்டி கட்டளையிடுகிறது. அப்போதும் சூடு தணியாவிடில் டீசலைக் குறைத்து, வண்டியின் இழுவையை அடக்கும். சென்சாரின் கம்பி அறுந்துபோனால், தாங்கவொண்ணாத பனிக்குளிர் என்பதுபோல் அளவு காட்டும். பெட்டி அதை நம்பாது. விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு எச்சரிக்கை விளக்கை ஏற்றும். இதனை நன்கு அமைந்த ஏற்பாடென்றே சொல்ல வேண்டும்.

இனிப் பெருங்குடிக்கு வருவோம். திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிப் பழைய மாமல்லபுரம் சாலை வழியே நகருக்குள் வரும் வண்டி, இங்கே காலை வேளையில் ஊர்ந்தே செல்ல வேண்டியிருக்கிறது. நெரிசலோடு மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணியும் சேர்ந்து பாதையைக் குறுக்கிற்று. ஊரும் வண்டியின் ரேடியேட்டர்மீது எதிர்காற்று மோதாது. முழுப் பாரமும் விசிறியின்மீதே விழுகிறது. ஆனால் புகைக்குழாயில் நிலைமை நேர்மாறானது. எஞ்சின் உழைக்காது நிற்பதால் புகை போதிய சூடு பெறுவதில்லை. ஒரே வண்டியில் முன்புறம் சூட்டால் தவிக்க, பின்புறம் சூடின்றித் தவிக்கும்!

புகைக்கு ஏன் சூடு வேண்டும்? புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிரம்பும்போது, பெட்டி சிறிது டீசலை மிகையாகச் செலுத்தி, புகையின் உஷ்ணத்தைச் சுமார் 550 முதல் 600 டிகிரி சென்டிகிரேட் வரை உயர்த்திக் கரியை எரித்துவிடும். அவ்வேளையில் எஞ்சினை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். எஞ்சினுக்குள்ளேயே அம்மிகை டீசலைச் செலுத்தும் வண்டிகளில் இது பலமுறை நேர்ந்தால், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். ஆயிலின் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயரக் கண்டால் இதனைச் சந்தேகிக்கலாம். ஆகவே வடிகட்டி விளக்கு எரிந்தால், நெரிசல் கடந்தபின் திறந்த சாலையில் சீரான வேகத்தில் சற்று நேரம் ஓட்டுதல் நலம்.

அடுத்தது நைட்ரஜன் ஆக்ஸைடு. பெரிய வண்டிகளில் இதற்கெனத் தனித் தொட்டி உண்டு. ஆட்ப்ளூ என்று வழங்கும் அத்திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா. எஞ்சியது தூய நீர். புகை சுமார் 200 டிகிரிச் சூட்டை எட்டியபின் பெட்டி இதனைத் தூவச் செய்யும். யூரியா அம்மோனியாவாகி, வினையூக்கியின்மீது நைட்ரஜன் ஆக்ஸைடோடு கலந்து, அதை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும்.

‘யூரியாதானே, நம் கிடங்கில் மூட்டை மூட்டையாக இருக்கிறதே’ என்று விவசாயி எண்ணுவது இயல்பே. அது வேறு, இது வேறு. 2015 முதல் நம் நாட்டு வயல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். அந்த எண்ணெயும், கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும், தூவும் முனையை அடைத்து வினையூக்கியைக் கெடுத்துவிடும். மாற்றும் செலவோ மிகப் பெரிது. அன்றியும், மானிய உரத்தைப் பயிருக்கன்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி குற்றம். தொட்டியில் வெறுந்தண்ணீர் ஊற்றி ஏய்ப்பதும் பலிக்காது. பெட்டி அறிந்து வண்டியின் சக்தியைக் குறைத்துவிடும்.

சூடு ஏறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் சில பட்டறைகளில் இன்றும் உண்டு. அந்நாளைய லாரிக்கே அது சரியான வைத்தியமன்று. இந்நாளைய எஞ்சினிலோ கூலண்ட் உரிய சூட்டை எட்டாது. எஞ்சின் இன்னும் குளிரில் இருப்பதாகக் கருதும் பெட்டி, டீசலை அதற்கேற்ப மாற்றும். கரி எரிப்பையும் தள்ளிப்போடக்கூடும். ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, கூலண்ட் குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரக் கிணற்று நீரை ஊற்றி ஓட்டிய ரேடியேட்டராயின் உள்ளே உப்புப் படிந்திருக்கும்.

இன்னொரு செய்தி, நெசவாளருக்கும் விவசாயிக்கும் பொதுவானது. கரி எரியும் வேளையில் புகைக்குழாய் அடுப்பைப்போல் கனன்றிருக்கும். வண்டியை வைக்கோற்போரை ஒட்டியோ, பஞ்சுக் கழிவு சிதறிய கிடங்கு வாசலிலோ அப்போது நிறுத்தலாகாது.