விசில் ஊதாமல் விழுந்த கோல்

கார்வேட்டிநகரத்தில் வேணுகோபால சுவாமி கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் திண்ணைக்குத் தமிழ் படிக்க வருவார்கள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் அவர்களுக்குத் தமிழ் எழுத்து இங்கேதான்.

ஒரு ஞாயிறு பாடத்திற்குப் பதில் சண்டை நடந்தது. ஒருவனின் அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். ஆகவே அவன் பெங்களூர் கட்சி. மற்றவனுக்குக் கேரள அணியின் மஞ்சள் சட்டை என்றால் உயிர். பழைய ஆட்டம் ஒன்றைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "கோல்தான்", "கோலே இல்லை" என்று கத்தினார்கள். "நீங்களே சொல்லுங்க சார்" என்றார்கள். "விதி என்ன?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. அன்றைய பாடம் அதுவே ஆயிற்று. நம் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2023 மார்ச் 3 அன்று பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கில் இந்தியன் சூப்பர் லீக் போட்டி. தோற்றவர் வெளியேற வேண்டிய ஆட்டம். பெங்களூர் எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் 90 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 96-ஆவது நிமிடத்தில், பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. தமிழில் இதைத் தனி உதை எனலாம். கேரள வீரர்கள் சுவர்போல வரிசையாக நிற்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல் காவலர் பிரப்சுகன் கில்லும் ஆயத்தமாகவில்லை. அந்த நேரத்தில் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். விசில் ஊதப்படவில்லை. நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பி வராததால் 1-0 என்று பெங்களூர் வென்றது.

விதி என்ன சொல்கிறது?

தனி உதையின்போது எதிரணியினர் பந்திலிருந்து 9.15 மீட்டர், அதாவது 10 கஜம், தள்ளி நிற்க வேண்டும். இந்த இடைவெளி உதைக்கும் அணிக்குத் தரப்பட்ட உரிமை. அது வேண்டாம் என்றால் உடனே உதைக்கலாம், விசில் தேவையில்லை. இடைவெளி வேண்டும் என்று நடுவர் எதிரணியைப் பின்னுக்கு அனுப்பினால், விசில் ஊதிய பிறகே உதைக்கலாம். மஞ்சள் அட்டை காட்டினாலும், காயத்துக்காகவோ ஆள் மாற்றவோ ஆட்டம் நின்றாலும் அப்படியே. பெனால்டிக்கு எப்போதும் விசில் உண்டு. எல்லா உதைக்கும் அப்படித்தான் என்று பலர் நினைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

சுவரும் விசிலும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொன்னதாகச் சேத்ரி கூறினார். வீரர்களை விலக்கும் ஏற்பாடு தொடங்கிவிட்டது, ஆகவே விசில் அவசியம் என்பது கேரளத் தரப்பு வாதம். ஏற்பாடு தொடங்கியதா, இல்லையா? வழக்கு முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. திரும்பிப் பார்த்துச் சொல்ல அப்போது அந்த லீகில் காணொளி நடுவர் முறையும் இல்லை.

இது புதிதும் அல்ல. 2004 டிசம்பரில் லண்டனில் செல்சிக்கு எதிராக ஆர்சனலின் தியரி ஹென்றி இப்படியே ஒரு கோல் அடித்தார். செல்சி வீரர்கள் கொதித்தார்கள். ஆனால் களத்தில் நின்றார்கள். ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது.

தீர்ப்பு

ஆட்டத்தை மறுபடி நடத்தக் கேட்ட கேரள அணியின் மனு தள்ளுபடியானது. 2023 மார்ச் 31 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும். இந்தத் தண்டனை வாதாடியதற்கு அல்ல, களத்தை விட்டுப் போனதற்கு.

என்னைக் கேட்டால், கேரளத்தாரின் வாதத்தில் நியாயம் கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோலா, இல்லையா என்பதில் நடுவர் சொல்லே முடிவு என்று விதி இருக்கிறது. வெளியே போனால் அது மாறாது. அப்போது ஆட்டத்தில் இன்னும் 24 நிமிடங்கள் பாக்கி இருந்தன.

இதைச் சொன்னதும் மஞ்சள் சட்டைப் பையன் மௌனமானான். முந்தின ஆண்டு பள்ளி அணியில் தன்னைச் சேர்க்கவில்லை என்று பந்தைத் தொடுவதையே விட்டவன் அவன். "போகாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்களா சார்?" என்று கேட்டான்.

"தெரியாதப்பா. தோத்தும் இருக்கலாம். ஆனா அந்த 24 நிமிஷம் அவங்களோடது. அதை யாரும் பிடுங்கல, அவங்களே விட்டுட்டாங்க" என்றேன்.

வேற்றுமொழி ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணிலோ தேர்விலோ அநியாயம் என்று தோன்றும் நாள் வரத்தான் செய்யும். விதியைப் படி, உள்ளே நின்று கேள், எழுதிக் கொடு, ஆட்டத்தை விடாதே என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. தனி உதைக்கு எப்போது விசில் கட்டாயம்?

2. நீங்கள் நடுவரானால் அந்தக் கோலைத் தந்திருப்பீர்களா? ஏன்?

3. நீங்கள் கேரள அணியின் தலைவரானால் அந்த 24 நிமிடத்தில் என்ன செய்திருப்பீர்கள்? தமிழில் பத்து வரி எழுதுக.