முட்டுக்கட்டை போடுபவரும் தேர் இழுப்பவரே



நம் ஊர்த் தேரோட்டத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம். வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தின் அருகில் குனிந்தபடி, கையில் முட்டுக்கட்டையுடன் கூடவே வரும் சிலரை நாம் கவனிப்பதில்லை. தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதோ அவர்கள் கையில் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் கட்டை போடுபவர்களுக்கு வேலை போய்விடவில்லை.

ஆனால் பேச்சு வழக்கில் "அவன் முட்டுக்கட்டை போடுகிறான்" என்றால் அது வசை! வேலையைப் பற்றியும் தலைமையைப் பற்றியும் நாம் கொண்டுள்ள தவறான எண்ணங்களுக்கு இந்த ஒரு சொல்லே சாட்சி.

ஜுபைலில் வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1933-ல் எண்ணெய் தேடி அமெரிக்க நிலவியல் வல்லுநர்கள் வந்து இறங்கியபோது இது ஒரு சிறிய மீனவர் ஊர். 1975-ல் ராயல் கமிஷன் அமைக்கப்பட்ட பின் மாபெரும் தொழில் நகரமாக வளர்ந்தது. இங்கே ஷட்டவுன் காலம் வந்தால் 12 மணி நேர ஷிப்ட். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறோம். அவர்கள் எழும் முன் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறோம். ஆகவே நம்மிடையே வேரூன்றிய மூன்று எண்ணங்களை எடுத்து ஆராய்வோம்.

1. "அதிக நேரம் உழைப்பவனே அதிகம் சாதிப்பவன்"

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் இருந்த பி.பி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், பராமரிப்புப் பணிக்குப் பின் ஒரு பிரிவை மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். கோபுரம் ஒன்றில் திரவம் அளவுக்கு மீறி நிரம்பியது. அளவு காட்டும் கருவி தவறாகக் காட்டியது. எச்சரிக்கை மணி ஒன்று ஒலிக்கவில்லை. திரவம் பொங்கி வெளியேறித் தீப்பிடித்து வெடித்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். இறந்தவர்கள் பக்கத்தில் இருந்த தற்காலிக டிரெய்லர் அலுவலகங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள்.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை விசாரணைக் குழு தனியே சுட்டிக்காட்டியது. இயக்குநர்கள் 29 நாட்களோ அதற்கும் மேலாகவோ, ஒரு நாள் கூட ஓய்வின்றி, தினம் 12 மணி நேரம் வேலை செய்திருந்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், மிகவும் உழைத்தவர்கள். களைத்த கண் மீட்டரைப் பார்க்கும், ஆனால் அது சொல்வதைச் சந்தேகிக்காது.

சவுதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யத் தடை உண்டு. அந்த மூன்று மணி நேரத்தை நஷ்டம் என்று எண்ணுபவர் கணக்கைப் பாதியில் நிறுத்தியவர். உடல் தேறி மாலையில் செய்யும் வேலையையும், நேராமல் போன விபத்தையும் அவர் கூட்டவில்லை.

2. "எல்லாவற்றையும் தானே செய்பவரே சிறந்த தலைவர்"

மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களை நம்மில் பலர் அறிவோம். இளம் வயதில் மூட்டுவாதம் தாக்கி விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களாலேயே கண் அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

"அபார மனிதர்" என்று வியந்து நாம் நின்றுவிடுகிறோம். அவரது உண்மையான சாதனை வேறு. அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த நோயாளியை மற்றதில் தயார் செய்து வைத்திருப்பார்கள். தயார் செய்பவர்கள் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட பெண்கள். பரிசோதனை, மருந்து, கருவி, கட்டு என ஒவ்வொன்றையும் அதற்கெனப் பழகியவர் பார்க்கிறார். மருத்துவர் தம்மால் மட்டுமே முடிகிற பகுதியைச் செய்கிறார். இதனால் ஒரே மருத்துவர் பிற இடங்களைவிடப் பல மடங்கு சிகிச்சைகள் செய்ய முடிகிறது. ஏழைகளுக்கு இலவசமாகவும் செய்ய முடிகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை அதிகமாக இருந்தபோது, 1992-ல் ஆரோலேப் தொடங்கி அதையும் தாங்களே தயாரித்தார்கள்.

அவர் 2006-ல் மறைந்தார். மருத்துவமனை நிற்கவில்லை. "நான் லீவு போட்டால் எல்லாம் நின்றுவிடும்" என்று பெருமைப்படும் போர்மேன் தம் திறமையைச் சொல்லவில்லை. பிறருக்குக் கற்றுத் தராததைச் சொல்கிறார்.

3. "நிறுத்தச் சொல்பவன் வேலைக்கு இடைஞ்சல்"

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஏவப்படும் முன் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. வல்லுநர்களின் ஆலோசனைப்படி அதை மீறி ஏவ முடிவெடுத்ததாகத் திட்ட இயக்குநர் அப்துல் கலாம் அவர்களே பின்னாளில் சொன்னார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

அன்று பத்திரிகையாளர் முன் வந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோதோ, கலாமையே பேச அனுப்பினார்.

இதைப் பணிவு என்று மட்டும் புகழ்கிறோம். அதன் பயனையும் பார்க்க வேண்டும். தோல்வியில் தலைவர் யாரையும் காட்டிக் கொடுக்கமாட்டார் என்று தெரிந்தால்தான், அடுத்த முறை கடைசி ஊழியரும் "ஐயா, இங்கே ஏதோ சரியில்லை" என்று வாய் திறப்பார். திட்டு விழும் என்றால் கேஸ் வாடை வந்தாலும் மௌனமாக இருப்பார். அந்த மௌனத்திற்கு விலை கொடுப்பது ஊரில் காத்திருக்கும் ஒரு குடும்பம்.

நாம் செய்யக்கூடியது

நம்மில் பலர் மேலாளர்கள் அல்லர். எனினும் ஒரு ஹெல்ப்பருக்காவது நாம் மூத்தவர். நேற்று வந்த தம்பி, "அண்ணே, இந்த வால்வை மூடிவிட்டார்களா?" என்று கேட்டால், "உனக்கென்ன தெரியும்" என்னாமல், கூடவே நடந்து போய்ப் பார்ப்போம். மூடியிருந்தாலும் அவருக்கு நன்றி சொல்வோம். அந்த நன்றிதான் அவரை நாளையும் கேட்க வைக்கும்.

சிந்திக்கச் சில கேள்விகள்

• இந்த மாதம் நம்மிடம் "நிறுத்துங்கள்" என்று சொன்னவர் யார்? யாருமே இல்லை என்றால் ஏன்?
• நமக்கு மட்டுமே தெரிந்த வேலை எது? அதை யாருக்குக் கற்றுக் கொடுக்கப் போகிறோம்?
• களைப்போடு வேலை செய்த நாளில் நாம் கவனிக்கத் தவறியது என்ன?

குடும்பத்தோடு அமர்ந்து பேசிப் பாருங்கள். அடுத்த தேரோட்டத்திற்கு ஊர் போகும்போது, சக்கரத்தின் அருகே குனிந்திருப்பவரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவரும் தேர் இழுப்பவரே.