நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஸ்ப்ரே கன்னும் வெல்லக்கட்டியும்

சித்தூர், திருப்பதி பக்கத்து மரச்சாமான் பட்டறைகளுக்கும் டிங்கரிங் ஷெட்டுகளுக்கும் எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) ஸ்ப்ரே கன் வந்துவிட்டது. நல்ல கருவி. ஆனால் பழைய கன்னோடு பழகிய கை, பழைய நம்பிக்கைகளையும் இதன்மேல் ஏற்றிவிடுகிறது. காசு விரயமாவதோடு உடம்பும் கெடுவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: குறைந்த அழுத்தம்தானே, சின்ன கம்ப்ரஸர் போதும்.

உண்மை: போதாது. இந்தக் கன்னில் குறைவது அழுத்தம் மட்டும்தான். காற்றின் அளவு கூடுகிறது. ஏர் கேப்பில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது என்பதே இந்த வகைக் கன்னுக்கு இலக்கணம். அவ்வளவு மென்மையான காற்று பெயிண்டைப் பொடித் துளியாக உடைக்க வேண்டுமென்றால், காற்று ஏராளமாக வேண்டும். பெரும்பாலான கன்களுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 15 கன அடி தேவை. 1 எச்.பி. கம்ப்ரஸர் கொடுப்பது 3, 4 கன அடிதான். பீரோக் கதவில் பாதி அடிப்பதற்குள் டேங்க் இறங்கிவிடும். மீதிப் பாதி ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி விழுந்து நிற்கும். பழி கன்மேல் போகும். 3 எச்.பி.க்குக் குறையாத கம்ப்ரஸரும் 8 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸும் இல்லாதவர்கள் இந்தக் கன்னை வாங்காமலிருப்பதே நல்லது.

நம்பிக்கை: பிரஷரை ஏற்றினால் ஃபினிஷிங் பளபளக்கும்.

உண்மை: ஏற்றினால் அது பழைய கன்னாகத்தான் வேலை செய்யும். பழைய உயர் அழுத்தக் கன்னில் பெயிண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொருளில் ஒட்டும். மற்றது புகையாகப் பறக்கும். முறையாகப் பிடித்த எச்.வி.எல்.பி.யில் 65 சதவீதமாவது ஒட்டும். பழைய கன்னை ஓரடி தள்ளிப் பிடித்தவர்கள் இதை 15 முதல் 20 செ.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் நம் சித்திரை வெயிலில் துளிகள் வழியிலேயே காய்ந்து, மாவு தூவியது போல் சொரசொரவென்று விழும்.

நம்பிக்கை: லேக்கர் வெளுத்துவிட்டதா? சரக்கு டூப்ளிகேட்.

உண்மை: நம் பகுதியில் இந்தப் புகார் அதிகம் வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில். என்.சி. லேக்கரில் உள்ள தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றிலுள்ள நீர் அங்கே படிந்து, படலத்தைப் பால் போல மூடிவிடுகிறது. மழை நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளுத்த இடத்திலும் அதை மெல்ல அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுவதும் அவசியம்.

நம்பிக்கை: துணியால் தேய்த்துப் போட்டால்தான் செம்மரத்துக்கு மெருகு.

உண்மை: ஏர்ப்பேடு அருகே மாதவமாலாவில் மரச்சிற்பம் செதுக்குபவர்களுக்கு இந்த மரத்தின் குணம் தெரியும். செம்மரச் சாயமான சாண்டலின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட் பாலிஷ் தோய்த்த துணியை வைத்த மாத்திரத்தில் துணி சிவக்கும். பெருமாளின் சங்கு சக்கர இடுக்கில் சாயம் தேங்கிக் கறுக்கும். ஓரத்து வெள்ளை மரத்திலும் இழுபடும். முதல் கோட்டைப் பனி போல லேசாக ஸ்ப்ரே செய்து காயவிட்டால் சாயம் அதிகம் நகராது. எச்.வி.எல்.பி. கன்னுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு இல்லை என்பேன்.

நம்பிக்கை: முகத்தில் கைக்குட்டை, வேலை முடிந்ததும் ஒரு வெல்லக்கட்டி, ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு டம்ளர் பால். நெஞ்சு சுத்தமாகிவிடும்.

உண்மை: ஆகாது. வெல்லமும் பழமும் பாலும் இரைப்பைக்குப் போகின்றன. பெயிண்ட் புகை நுரையீரலுக்குப் போகிறது. கைக்குட்டை தின்னர் ஆவியைத் தடுக்காது, சாதாரணத் தூசி மாஸ்க்கும் தடுக்காது. என்.சி. லேக்கருக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் உள்ள மாஸ்க் வேண்டும். பி.யு. பாலிஷின் ஹார்டனரிலும் கார் பெயிண்டின் ஹார்டனரிலும் இருக்கும் ஐசோசயனேட் இன்னும் கொடியது. ஆபத்தான அளவை எட்டினாலும் அது மூக்குக்குத் தெரியாமல் போகலாம். அது ஆஸ்துமாவைக் கிளப்பும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். அந்த வேலைக்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடிதான் சரி. புகை குறைவாக வரும் கன் என்பதால் மாஸ்க் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. குறைந்த புகையும் அடைத்த அறையில் நிறையவே சேரும்.

பட்டறை உரிமையாளர்களே, கன் வாங்கும் பில்லிலேயே மாஸ்க்கையும் சேர்த்து வாங்குங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றும் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும். தினக்கூலிக்கு வரும் பையன் அதை வாய்விட்டுக் கேட்க மாட்டான்.